இறக்கையில் கொப்புளம், கண்ணாடியில் புகை: ஜப்பானியப் போர்விமான டைகாஸ்ட் மாடல்களின் பழுதுகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

ஜீரோ, ஹயபுசா, ஹியென், ஹயாதே, ஷிடென் கய் என்று இரண்டாம் உலகப்போர் கால ஜப்பானியப் போர்விமானங்களை டைகாஸ்டில், அதாவது அச்சில் வார்த்த உலோக மாடல்களாக, சேர்ப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மாடலில் ஏதோ சரியில்லை என்று பட்டதும் சூப்பர் க்ளூவையும் தின்னரையும் எடுத்துவிடாதீர்கள். கோளாறு மாடலில் இருக்கிறதா, அசல் விமானமே அப்படித்தான் இருந்ததா என்பதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். சரியாக இருந்த மாடலைச் "சரிசெய்து" கெடுத்த கதைகள் இந்தப் பொழுதுபோக்கில் ஏராளம்.

வேண்டியவை: நல்ல வெள்ளை வெளிச்சம், ஒரு லென்ஸ், வெர்னியர் காலிபர், பல்குச்சி, மென்மையான பிரஷ். எந்தப் பழுதாக இருந்தாலும் அது உலோகத்திலா, பெயின்டிலா, பிளாஸ்டிக்கிலா என்று பிரித்துப் பார்த்தால் பாதி வேலை முடிந்தது.

பெயின்ட் கொப்புளம் போட்டிருக்கிறது, மெல்லிய விரிசல் தெரிகிறது

இருப்பதிலேயே மோசமான அறிகுறி இதுதான். அதனால் இதில் அவசரம் கூடாது.

பல்குச்சியின் மழுங்கிய முனையால் கொப்புளத்தை லேசாக அழுத்துங்கள். உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் அமுங்கினால் பெயின்ட் மட்டும் உலோகத்தை விட்டு எழும்பியிருக்கிறது. வார்ப்பில் மிச்சமிருந்த எண்ணெய்ப்பசை மேல் பெயின்ட் அடித்தால் இப்படி வரும். பார்க்க அசிங்கம்தான், ஆனால் பரவாது. கல்லுபோல் கெட்டியாக இருந்தால் அடியில் உலோகமே வீங்குகிறது என்று பொருள்.

டைகாஸ்ட் மாடல்களில் பெரும்பாலானவை துத்தநாகக் கலவையில் வார்த்தவை. கூடவே சுமார் 4 சதவீதம் அலுமினியம், கொஞ்சம் மக்னீசியம், சிலவற்றில் செம்பு. இந்தக் கலவையில் ஈயம், வெள்ளீயம், காட்மியம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று துளியளவு அதிகமாகக் கலந்துவிட்டாலும் ஆண்டுகள் போகப்போக உலோகத்தின் படிகங்களுக்கு இடையே அரிப்பு ஓடும். உலோகம் வீங்கும், வளையும், வெடிக்கும், கடைசியில் கையோடு உதிரும். சேகரிப்பாளர்கள் இதை ஜிங்க் பெஸ்ட் (zinc pest), அதாவது துத்தநாக நோய், என்கிறார்கள். 1930-களில் வந்த டிங்கி என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் பொம்மை மாடல்களில் பல இப்படித்தான் அழிந்தன. கலவைக்குத் தரக்கட்டுப்பாடு வந்த பிறகு இது பெரிதும் குறைந்தது. ஆனாலும் கழிவு உலோகம் கலந்த ஒரு தொகுதி எந்தக் காலத்திலும் தப்பி வந்துவிடலாம். ஈரமும் வெப்பமும் அரிப்பை வேகப்படுத்தும் என்பதால் கடலோர ஊர்களில் வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

உறுதிசெய்ய வெர்னியர்தான் வழி. இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அளந்து, இறக்கை உடலோடு சேரும் இடத்தின் தடிமனையும் அளந்து, தேதியோடு குறித்துவையுங்கள். சில மாதம் கழித்து அதே இடங்களில் மறுபடி அளந்து பாருங்கள். எண் கூடியிருந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை. ஜீரோ மாடல்களில் நான் முதலில் பார்ப்பது இறக்கையின் பின்விளிம்பு. அது மெல்லிய வார்ப்பு என்பதால் வளைவு அங்கேதான் சீக்கிரம் தெரியும். இறக்கை முனைகளில் ஒன்று மட்டும் மேலே தூக்கியிருக்கிறதா என்று மாடலை மூக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள்.

இதற்கு வைத்தியம் கிடையாது. மேலே பெயின்ட் அடித்தோ வார்னிஷ் பூசியோ நிறுத்த முடியாது. பக்கத்து மாடலுக்குத் தொற்றாது என்பதை மட்டும் நம்பலாம். தொற்றும் என்று சிலர் சொல்வது தவறு. ஒரே தொகுதியில் வார்த்த மாடல்கள் ஒரே நேரத்தில் கெடுவதைப் பார்த்துக் கிளம்பிய பேச்சு அது. செய்யக்கூடியது இவ்வளவுதான்: உலர்ந்த, குளிர்ந்த இடத்தில் வைத்து வேகத்தைக் குறையுங்கள். எல்லாப் பக்கமும் படம் எடுத்துவையுங்கள். புரொப்பெல்லர், கண்ணாடி, விமானி, சக்கரங்கள் போன்ற பிளாஸ்டிக் பாகங்களைக் கழற்றி இன்னொரு மாடலுக்கு உதிரியாக எடுத்துவையுங்கள். முக்கியமாக, இதை மறைத்து யாருக்கும் விற்காதீர்கள்.

அசல் ஜீரோவிலும் துத்தநாகம் இருந்தது என்பது இங்கே நினைவுக்கு வருகிறது. எடையைக் குறைக்க, ஜீரோவை வடிவமைத்த மிட்சுபிஷியின் ஜிரோ ஹோரிகோஷி இறக்கையின் முதுகெலும்பான சட்டத்துக்குத் தேர்ந்தெடுத்தது, சுமிடோமோ நிறுவனம் 1936-இல் உருவாக்கிய துத்தநாகம் சேர்ந்த அலுமினியக் கலவை.

வெள்ளைப் பொடி படிந்திருக்கிறது, ஆனால் வீக்கம் இல்லை

திருகுத் தலை, சக்கரக் குழியின் உள்பக்கம் என்று பெயின்ட் படாத இடங்களில் மட்டும் வெள்ளையாகப் பூத்திருந்தால் அது பெரும்பாலும் மேலோட்டமான அரிப்பு. அலமாரியை முகர்ந்து பாருங்கள். மரநாரை அழுத்திச் செய்யும் புதிய எம்.டி.எஃப் பலகையும் சில வகை மரங்களும் அமில ஆவியை விடும். கண்ணாடியை ஒட்டப் பயன்படுத்தும் சிலிக்கான் பசையில் வினிகர் வாசனை அடிக்கும் வகை, காயும்வரை அசிட்டிக் அமிலத்தை வெளியேற்றும். மூடிய அலமாரிக்குள் அந்த ஆவி துத்தநாகத்தைத் தின்னும்.

பொடியை உலர்ந்த பிரஷால் தட்டிவிடுங்கள். தண்ணீர் வேண்டாம். புது அலமாரி என்றால் வாசனை போகும்வரை சில வாரங்கள் கதவைத் திறந்தே வைத்து, அதன் பிறகு மாடல்களை அடுக்குங்கள். சிலிக்கா ஜெல் ஈரத்தை இழுக்குமே தவிர அமிலத்தை நிறுத்தாது.

சக்கரக் கால் துளைக்குள் இறங்கவில்லை, அல்லது உடைந்துவிட்டது

பறக்கும் நிலைக்கு மூடிகள், தரையில் நிற்கும் நிலைக்குக் கால்கள் என்று இரண்டு தொகுதியும் பெட்டியில் வருவது வழக்கம். இறங்கவில்லை என்றால் பத்துக்கு ஒன்பது முறை காரணம் துளைக்குள் வழிந்து காய்ந்த பெயின்ட். கையால் சுழற்றும் சிறு துளைக்கருவியைத் துளையில் வைத்து, அழுத்தாமல் இரண்டு சுற்று சுற்றினால் பெயின்ட் தூளாக வெளியே வரும். காலின் முனையைத் தேய்க்காதீர்கள். தேய்த்ததைத் திரும்ப வளர்க்க முடியாது.

கால்கள் விகாரமாக விரிந்து நின்றால் இடமும் வலமும் மாறியிருக்கும். ஜீரோவின் கால்கள் உடலை நோக்கி உள்பக்கமாக மடங்குபவை. ஆகவே கால் கீழே இருக்கும்போது அதோடு ஒட்டிய மூடி வெளிப்பக்கம், சக்கரம் உள்பக்கம். இதைப் பார்த்தாலே தெரிந்துவிடும். மாடல் மூக்கைத் தூக்கி வாலைத் தாழ்த்தி நிற்பது கோளாறு இல்லை. இந்த விமானங்கள் எல்லாமே வால்சக்கரத்தில் உட்காருபவை.

உலோகக் கால் முறிந்திருந்தால் முறிவை லென்ஸில் பாருங்கள். துத்தநாக வார்ப்பு வளையாது, கற்கண்டு உடைவதுபோல் பொரபொரவென்று பளிச்சிடும் முகத்தோடு உடையும். சூப்பர் க்ளூ மட்டும் போட்டால் மாடலின் எடை தாங்காமல் மறுபடி போகும். சால்டரிங்கும் கூடாது, இந்தக் கலவை 380 டிகிரி செல்சியஸ் சுற்றிலேயே உருகத் தொடங்கிவிடும். சரியான வழி ஊசி வைத்து ஒட்டுவதுதான். முறிந்த இரு முகங்களின் நடுவிலும் 0.5 மி.மீ துளை, இரண்டிலும் சில மி.மீ ஆழம். துளை நேராக வர முதலில் குண்டூசி முனையால் ஒரு புள்ளிக் குழி போட்டுக்கொள்ளுங்கள். கையாலேயே சுற்ற வேண்டும், மோட்டார் வைத்தால் கால் பிளந்துவிடும். பித்தளைக் கம்பித்துண்டை நுழைத்துப் பார்த்து, கால் நேராக நிற்கிறதா என்று உறுதிசெய்த பிறகே அரால்டைட் போன்ற இரு பாக எபாக்ஸியைத் தொட்டு வையுங்கள். 24 மணி நேரம் எடை ஏற்றாமல் தலைகீழாக வைத்துவிடுங்கள். அவசரப்பட்டு நிறுத்தினால் கால் மெல்லச் சாய்ந்து அப்படியே இறுகிவிடும்.

புரொப்பெல்லர் வளைந்திருக்கிறது, அல்லது சுற்றவில்லை

புரொப்பெல்லரின் பிளாஸ்டிக் அலகு (விசிறி இதழ்) பெட்டிக்குள் அழுந்தி வளைந்திருந்தால் கழற்றி, கை பொறுக்கும் சூட்டிலுள்ள வெந்நீரில் சில நொடி வைத்து நிமிர்த்தி, உடனே குளிர்ந்த நீரில் போடுங்கள். சுற்றவில்லை என்றால் அச்சில் பெயின்ட் அடைத்திருக்கும். எண்ணெய் விடாதீர்கள், அது வழிந்து மூக்கில் கறையாகும்.

பழைய மாடலை வாங்கும்போது அலகுகளை எண்ணுங்கள். ஹயபுசாவின் முதல் வகைக்கு இரண்டு, இரண்டாம் வகைக்கு மூன்று. ஜீரோவுக்கு மூன்று. ஹயாதே, ஷிடென் கய் இரண்டுக்கும் நான்கு. மூன்று அலகோடு ஒரு ஹயாதே வந்தால் யாரோ உதிரியை மாற்றியிருக்கிறார்கள்.

விமானி அறைக் கண்ணாடி புகைபிடித்ததுபோல் இருக்கிறது

சட்டத்தை ஒட்டி வெண்மையாக மங்கியிருந்தால் அது சூப்பர் க்ளூவின் ஆவி. தொழிற்சாலையில் அதிகம் போட்டிருக்கலாம், முந்தைய உரிமையாளர் ஒட்டியிருக்கலாம். வெளிப்பக்கம் என்றால் பிளாஸ்டிக் பாலிஷைக் காதுபட்ஸில் மிகச் சிறிதளவு தொட்டுத் தேய்த்தால் பெரும்பாலும் போய்விடும். ஜீரோவின் கண்ணாடியில் சட்டங்கள் அதிகம், ஒவ்வொன்றும் பெயின்ட் கோடு. அவற்றின் மேல் பாலிஷ் படாமல் சதுரம் சதுரமாகத் துடைக்கப் பொறுமை வேண்டும். பல்குச்சி முனையில் பஞ்சைச் சுற்றிக்கொண்டால் எளிது. உள்பக்கம் என்றால் கண்ணாடி தானாக வரும் வகையா என்று பாருங்கள். வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள், நெம்பினால் விரிசல் விடும்.

ஸ்பிரிட், தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் எதுவும் கண்ணாடிப் பக்கமே வரக்கூடாது. கண்ணாடிக்குப் பயன்படும் தெளிந்த பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கில் சிலந்திவலைபோல் நுண்கீறல் ஓடும், அதற்கு மாற்று இல்லை. கழன்ற கண்ணாடியை ஒட்ட ஃபெவிகால் வகை வெள்ளைப் பசையே போதும். காய்ந்தால் தெளியும், புகை வராது, தவறினால் ஈரத்துணியால் துடைத்துவிடலாம்.

டயர் பிசுபிசுக்கிறது, ஸ்டாண்டில் கறை விழுந்திருக்கிறது

மென்மையான வினைல் டயரை மென்மையாக்கக் கலக்கும் எண்ணெய் போன்ற பொருள் காலப்போக்கில் வெளியே கசியும். அது அக்ரிலிக்கையும் பாலிஸ்டைரீனையும் உருக்கி வட்டவட்டமாகக் குழி போடும். டயரை மென்சோப்பு நீர் தொட்ட துணியால் துடைத்து உலர்த்தி, அடியில் கண்ணாடித்தகடு வைத்து நிறுத்துங்கள். கசிவு நிற்காது, இடம்தான் மாறும். ஸ்டாண்டில் விழுந்த குழி விழுந்ததுதான்.

நிறம் தவறாகத் தெரிகிறது

கேள்விகள் அதிகம் வருவது இதில்தான். பாதிக்குமேல் மாடலின் கோளாறே இல்லை.

"என் ஜீரோ மஞ்சள் பாய்ந்த சாம்பலாக இருக்கிறது, நண்பருடையது வெளிர்சாம்பல்." 1941, 42 கால ஜீரோக்களின் நிறம் தூய சாம்பல் அல்ல, பச்சையும் மஞ்சளும் கலந்த ஒரு சாம்பல். அது எந்தளவு மஞ்சள் என்பதில் ஆராய்ச்சியாளர்களிடையே இன்றும் விவாதம் உண்டு. மாடல் நிறுவனங்கள் ஆளுக்கொரு பக்கம் நிற்கின்றன. ஆனால் மேலே பூசிய வார்னிஷ் வெயிலில் பழுத்தும் மஞ்சளாகும். எது என்று தெரிய, ஸ்டாண்டு மூடி மறைத்த இடத்தையும் அடிவயிற்றையும் முதுகோடு ஒப்பிடுங்கள். எங்கும் ஒரே சாயல் என்றால் அது நிறுவனத்தின் தேர்வு. வெளிச்சம் பட்ட பக்கம் மட்டும் மஞ்சள், ஜப்பானியக் குறியான சிவப்பு வட்டமும் அந்தப் பக்கம் ஆரஞ்சாக வெளிறியிருக்கிறது என்றால் வெயில் வேலை. வெளிறியது திரும்பாது, சன்னலிலிருந்து நகர்த்துங்கள்.

"சுக்கானும் கிடைவாலின் அசையும் மடிப்பும் வேறு சாயலில் இருக்கின்றன." அசலில் அந்தப் பாகங்கள் உலோகத்தகடு அல்ல, துணி போர்த்தியவை. பெயின்ட் வேறு மாதிரி உட்கார்ந்தது. சாயலை மாற்றிக்காட்டிய நிறுவனம் அக்கறையோடு வேலை செய்திருக்கிறது.

"எஞ்சின் மூடி முழுக்கறுப்பாக இல்லை, நீலம் தட்டுகிறது." அப்படித்தான் இருக்க வேண்டும்.

"சக்கரக் குழிக்குள் பளபளக்கும் நீலப்பச்சை." அது ஜப்பானியர்கள் உலோகம் அரிக்காமலிருக்க உட்புறங்களில் பூசிய ஒளிபுகும் பூச்சு. இதைச் சாம்பலாக மாற்றி அடித்த மாடல்களைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது.

"இரண்டு பச்சை ஜீரோக்களில் பச்சையும் சாம்பலும் சேரும் கோடு வேறுவேறு." மிட்சுபிஷி ஆலையில் கட்டியவற்றில் கோடு வால்வரை ஏறக்குறைய நேராக ஓடும். நாகஜிமா ஆலையில் கட்டியவற்றில் கிடைவாலின் முன்விளிம்பை நோக்கி வளைந்து ஏறும். ஜீரோக்களில் பாதிக்குமேல் கட்டியது வடிவமைத்த மிட்சுபிஷி இல்லை, நாகஜிமாதான். ஆகவே இரண்டு கோடுகளும் சரி.

பெயின்ட் உரிந்து வெள்ளி தெரிகிறது

உரிந்ததா, உரிந்ததுபோல் அச்சிட்டதா என்று பாருங்கள். நகத்தை மெல்ல ஓட்டினால் அச்சு வழவழப்பாக இருக்கும், நிறம் பளிச்சென்ற வெள்ளி. நிஜமான சேதத்தில் பெயின்டின் விளிம்பு நகத்தில் தட்டும், அடியில் தெரியும் துத்தநாகம் மங்கிய கருஞ்சாம்பல்.

அச்சு என்றால், அது அந்த விமானத்துக்குப் பொருந்துகிறதா என்பது அடுத்த கேள்வி. அன்றைய ஜப்பானுக்குத் தனி விமானப்படை கிடையாது. தரைப்படைக்கு ஒன்று, கடற்படைக்கு ஒன்று. தரைப்படையின் ஹியென் பல, பெயின்ட் அடிக்காத அலுமினியமாகவே ஆலையிலிருந்து வந்தன. படைப்பிரிவுகள் அதன்மேல் அடிப்பூச்சு இல்லாமல் பச்சைப் புள்ளிகளை அடித்தன. பச்சை கொத்துக்கொத்தாக உரிந்தது. ஆகவே திட்டுத்திட்டான ஹியென் மாடல் சரியானது. 1941 டிசம்பரில் கப்பலிலிருந்து கிளம்பிய சாம்பல் ஜீரோ அப்படியல்ல. நல்ல அடிப்பூச்சு, பராமரிப்பும் நன்று. அதில் வெள்ளித் திட்டுகளை அள்ளித் தெளித்திருந்தால் நிறுவனம் எல்லை மீறிவிட்டது. எனக்கு அத்தகைய மாடல்கள் பிடிப்பதில்லை.

ஆன்டெனா கம்பம் முறிந்திருக்கிறது

முறிந்த துண்டு கிடைத்தால் அரால்டைட் ஒரு துளி. கிடைக்கவில்லை என்றால் வால்குறியைப் பாருங்கள். "வி" எழுத்தோடு தொடங்கினால், உதாரணமாக பெயர்பெற்ற போர்விமானி சபுரோ சகாயின் வி-103 என்றால், அது தரைத்தளத்திலிருந்து பறந்த கடற்படையின் தைனான் பிரிவு. அங்கே பயனற்ற வானொலியை எடை குறைக்கக் கழற்றி எறிந்து, மரக் கம்பத்தையும் அறுத்துவிட்டார்கள். உங்கள் முறிந்த மாடல் முழு மாடலைவிட உண்மைக்கு அருகில் நிற்கிறது. அடிக்கட்டையை மட்டும் சமமாகத் தேய்த்து சாம்பல் பெயின்ட் தொட்டுவிடுங்கள். விமானம்தாங்கிக் கப்பலின் ஜீரோவுக்கு இந்தச் சலுகை இல்லை, அதற்குக் கம்பம் வேண்டும்.

குறிகள் பெட்டி சொல்லும் கதையோடு ஒத்துவரவில்லை

பழைய மாடல்களில் பெட்டியும் விமானமும் மாறுவது சகஜம். 1941 டிசம்பரில் பேர்ல் ஹார்பரைத் தாக்கிய கால ஜீரோவுக்கு வாலுக்கு முன் உடலைச் சுற்றிய பட்டைதான் முகவரி, அது எந்த விமானம்தாங்கிக் கப்பலுடையது என்று சொல்லும். ஆகாகி ஒரு சிவப்பு, காகா இரண்டு சிவப்பு. சோர்யு ஒரு நீலம், ஹிர்யு இரண்டு நீலம். ஷோகாகு ஒரு வெள்ளை, ஸுயிகாகு இரண்டு வெள்ளை. ஆகாகியின் விமானி இதாயா பறந்த, வால்குறி ஏஐ-155 கொண்ட ஜீரோவில் ஒரு சிவப்புப் பட்டை இருக்க வேண்டும். உடலிலுள்ள சிவப்பு வட்டத்துக்கு வெள்ளை வளையம் இருந்தாலோ, இறக்கையின் முன்விளிம்பில் மஞ்சள் பட்டை இருந்தாலோ அது பேர்ல் ஹார்பர் விமானம் அல்ல. இரண்டும் பின்னால் வந்தவை.

1942 ஏப்ரல் 5-இல் கொழும்பையும் 9-இல் திருகோணமலையையும் தாக்கிய விமானங்களை நம்மில் பலர் தேடி வாங்குவது இயல்பு. அந்தத் தாக்குதல்களில் ஜீரோக்களை அனுப்பியவை ஐந்து கப்பல்கள். காகா அவற்றில் இல்லை. பலாவ் அருகே பாறைத்திட்டில் மோதியதைச் சரிசெய்ய ஜப்பானுக்குத் திரும்பியிருந்தது. ஆகவே இரண்டு சிவப்புப் பட்டையோடு "திருகோணமலை ஜீரோ" என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

அமெரிக்க நட்சத்திரம் போட்ட ஜீரோ வந்தால் பயப்பட வேண்டாம். 1942 ஜூனில் அலூஷியன் தீவுகளின் அகுதானில் விழுந்த ர்யூஜோ கப்பல் விமானத்தை அமெரிக்கர்கள் எடுத்துப்போய்ச் சரிசெய்து, தங்கள் குறியோடு பறந்து சோதித்தார்கள். அதையும் மாடலாக வார்க்கிறார்கள்.

வட்டம் நடுவிலிருந்து விலகி அச்சாகியிருந்தால் அது உண்மையான தயாரிப்புக் குறை. சுரண்டவோ ஸ்பிரிட்டால் துடைக்கவோ செய்தால் அடிநிறமும் போகும். மாற்றிக் கேளுங்கள், அல்லது அந்தப் பக்கத்தைச் சுவரை நோக்கி வையுங்கள்.

அளவு சரியில்லை என்று தோன்றுகிறது

ஸ்கேலை எடுத்து இறக்கையை அளந்தால் போதும். ஜீரோவின் 21-ஆம் வகைக்கு இறக்கை நீளம் 12 மீட்டர். 1:72 அளவில் 16.7 செ.மீ, 1:48-இல் 25 செ.மீ. 32, 52 வகைகளுக்கு 11 மீட்டர், 15.3 செ.மீ, 22.9 செ.மீ. சதுரமாக வெட்டிய முனை என்றால் 32. வட்ட முனையும் எஞ்சின் மூடிக்குப் பின்னால் தனித்தனியாக நீட்டிக்கொண்டிருக்கும் புகைக்குழாய்களும் என்றால் 52. பெட்டியில் 21 என்று எழுதி உள்ளே 15.3 வந்தால் பெட்டி மாறியிருக்கிறது.

ஸ்டாண்டிலிருந்து வழுக்குகிறது, பெட்டியிலுள்ள நுரை ஒட்டிக்கொண்டது

ஸ்டாண்டின் பிடி தளர்ந்திருந்தால் மாடலைத் தொடாதீர்கள். பிடியின் உள்பக்கம் மெல்லிய டேப் ஒரு சுற்று ஒட்டினால் நிற்கும். பிடி இறுக்கமாக இருந்து பெயின்டைச் சுரண்டுகிறது என்றால் ஹேர் டிரையர் சூட்டில் சற்று விரித்துக்கொள்ளுங்கள்.

பழைய நுரை சிதைந்து பெயின்டில் ஒட்டியிருந்தால் இழுக்க வேண்டாம். மென்சோப்பு நீரில் நனைத்த பஞ்சை அதன்மேல் வைத்து, இளகியபின் பிரஷால் உருட்டி எடுங்கள். பெட்டியை வைத்துக்கொள்ளலாம், நுரையைத் தூக்கி எறிந்துவிட்டு அந்த இடத்தில் அமிலமில்லாத டிஷ்யூ தாளைச் சுருட்டி வையுங்கள். மாடலைச் சுற்றும் முன் டயர்களைக் கழற்றித் தனிப் பையில் போடுங்கள்.